வலது முழங்கையின் கீழ் ஒரு தாள்

பேஸ்பால் வழக்கப்படி ஏழாவது இன்னிங்ஸில் மைதானமே எழுந்து நின்று பாட ஆரம்பித்ததும், ரே டுடெக் மூக்குக்கண்ணாடியைச் சட்டை நுனியில் துடைத்துப் போட்டுக்கொள்வார். ஆட்டம் முடிய இன்னும் இரண்டு இன்னிங்ஸ் இருக்கும். அதற்குள் தட்டச்சு இயந்திரத்தில் இரண்டு செய்திகளை அடித்துவிடுவார். ஒன்றில் எங்கள் ஊர் அணி ஜெயித்திருக்கும், மற்றதில் தோற்றிருக்கும். ஜெயித்த தாள் வலது முழங்கையின் கீழ், தோற்ற தாள் இடது முழங்கையின் கீழ். மாலைப் பத்திரிகைக்காரருக்கு வேறு வழியில்லை. ஆட்டம் முடிந்த பத்தாவது நிமிடம் ஆபீசுக்குத் தொலைபேசியில் செய்தியை வாசித்தாக வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் வேண்டாத தாளைப் பொடிப்பொடியாகக் கிழிப்பார். குப்பைக்கூடையில் போடமாட்டார், கால்சட்டைப் பையில் திணித்துக்கொள்வார். மைதானத்துப் பத்திரிகையாளர் அறையில் காப்பி கொடுக்க வரும் நான் கூடையை நீட்டினாலும், "இருக்கட்டும் லொரெட்டா" என்பார்.

அந்தப் பையைப் பற்றி அவர் மனைவி ஐரீன் ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து என்னிடம் முறையிடுவாள். "துணி துவைக்கிற மெஷின் முழுக்கக் காகித மாவுடி. இந்த மனுஷன் கால்சட்டைய உதறினா வீட்டுக்குள்ள பனி பெய்யுது."

அறுபத்து மூன்று வயது. ஒல்லி. வெயில் நாளிலும் கோட்டைக் கழற்றமாட்டார். ஏரிக் காற்றை நம்ப முடியாதாம். எங்கள் ஒஹாயோவில் அது உண்மைதான். யாரைக் கண்டாலும் அவர் முதலில் கேட்பது, "காலைல என்ன சாப்ட்டீங்க?" இரண்டு நாளாகப் பந்தையே தொடாத ஆட்டக்காரனிடமும் அதைத்தான் கேட்பார். மூன்று வருடம் அவர் ஊரிலுள்ள சாதாரண மனிதர்களைப் பற்றிக் கட்டுரை எழுதியவர். மாதா கோவில் மணியைப் பழுது பார்ப்பவர், பாலத்துக்குப் பெயின்ட் அடிப்பவர் என்று ஒவ்வொருவரின் கட்டுரையும் முட்டையிலோ ஓட்ஸ் கஞ்சியிலோதான் ஆரம்பிக்கும்.

அதற்கு முன் பதினோரு வருடம் போலீஸ் செய்தி. அதை ஏன் விட்டார் என்பதை ஒரே ஒரு முறைதான் சொன்னார். மழை வந்து மைதானத்தைத் தார்ப்பாயால் மூடியிருந்தார்கள். மற்றவர்கள் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள்.

ஹெலன் என்ற இருபத்திரண்டு வயது டெலிபோன் ஆபரேட்டர் காணாமல் போயிருந்தாள். மூன்று நாள் ஆற்றில் தேடினார்கள். பத்திரிகை காத்திருக்காது என்பதால் ரே இரண்டு செய்தி எழுதி மேசையில் வைத்துவிட்டு ஆற்றங்கரைக்குப் போனார். ஒன்றில் பெண் உயிரோடு கிடைத்திருந்தாள். ஆபீசில் அவசரத்தில் யாரோ அந்தத் தாளை எடுத்து அச்சுக்கு அனுப்பிவிட்டார்கள். ஆற்றில் கிடைத்தது உடல்.

"அவ அம்மாகிட்ட நான்தான் போய்ச் சொன்னேன், லொரெட்டா. அந்தம்மா கதவத் தொறந்து என் ரெண்டு கையையும் புடிச்சிக்கிட்டாங்க. உள்ள கோழி சூப்பு கொதிக்குது. மக கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டிருக்காங்க. எல்லாத்தையும் சொன்னேன். நான் கெளம்பறப்ப, 'அந்தப் பேப்பர் இன்னொண்ணு கொண்டு வா தம்பி, என்னுது சூப்பு பட்டு நனைஞ்சிடுச்சு'ன்னாங்க. கொண்டு போய்க் குடுத்தேன். பொய்ச் செய்தி அது. அத வச்சிக்கிட்டு என்ன செய்வாங்கன்னு இன்னிவரைக்கும் எனக்குப் புரியல."

அந்தத் தாயின் பேரைக் கேட்டுக்கொண்டேன். என் செபத்தில் இன்றும் அந்தப் பேர் உண்டு.

போன புதன்கிழமை மதியம் ஐரீனுக்கு வயிற்றில் ஆபரேஷன். ரே வழக்கம்போல வந்து உட்கார்ந்ததைப் பார்த்து, காலைப் பத்திரிகைக்காரர் ஹால் பர்டிக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்யா, உனக்கு மனசே கெடையாதா? ஆஸ்பத்திரிக்குப் போ. உனக்கும் சேத்து நான் எழுதறேன்."

"நீ எழுதினா எங்க ஆபீஸ்ல கண்டுபிடிச்சிடுவாங்க. புரியற மாதிரி இருக்காது." பிறகு தாழ்ந்த குரலில், "ஐரீன்தான் தொரத்தி விட்டா. 'நீ இந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு இங்க உக்காந்தா டாக்டர் பயந்துடுவார், போய் ஆட்டத்தப் பாரு'ன்னா. எங்க பொண்ணு கேத்தி கூட இருக்கா. இங்க போன் பண்ணுவா."

ஏழாவது இன்னிங்ஸில் கூட்டம் எழுந்து பாடியது. எங்கள் அணி இரண்டு ஓட்டம் முன்னால் இருந்தது. ரே கண்ணாடியைத் துடைத்தார். ஒரு தாளைச் செருகி அடித்தார். காப்பி வைக்கும்போது முதல் வரியைப் பார்த்தேன்: 'இன்று மதியம் நம்மவர்கள் தோற்க மறுத்துவிட்டார்கள்.' அதை உருவி வலது முழங்கையின் கீழ் வைத்துக்கொண்டு, தொலைபேசியைப் பார்த்தபடி இருந்தார்.

"இன்னொண்ணு எங்கய்யா?" என்றார் ஹால்.

"இன்னைக்கு ஒண்ணு போதும்."

ஹால் சிரிக்க வாயெடுத்து, நிறுத்திக்கொண்டார். நான் மேலங்கிப் பையிலிருந்த செபமாலையைப் பிடித்துக்கொண்டேன்.

ஒன்பதாவதில் எதிரணி மூன்று ஓட்டம் எடுத்தது. எங்கள் ஆட்கள் மூன்று பேரும் வந்த வேகத்தில் திரும்பினார்கள். கூட்டம் கலையும்போது தொலைபேசி அடித்தது. ஆபீஸாக இருக்கும் என்று நான் எடுத்தேன். கேத்தி. அப்பா இருக்காரா என்று மட்டும் கேட்டாள். குரலிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது.

ரே நின்றபடி கேட்டுக்கொண்டார்.

"தொறந்து பாத்துட்டு அப்படியே மூடிட்டாங்களா... எங்கெல்லாம் பரவியிருக்காம்?... சரிம்மா... முழிச்சிட்டாளா?... என்ன சாப்ட்டா?... ஒண்ணும் குடுக்கலையா. சரி. வந்துட்டே இருக்கேன்."

ஹால் எழுந்தே விட்டார். "நீ கெளம்பு ரே. உங்க ஆபீசுக்கு நான் சொல்லிடறேன். கிண்டல் பண்ணாம நல்லா சொல்றேன்."

"பத்து நிமிஷம்" என்றார் ரே.

புதுத் தாளைச் செருகினார். நம்மவர்கள் எப்படித் தோற்றார்கள் என்பதைப் பதினான்கு வரியில் அடித்து, ஆபீசுக்குத் தொலைபேசியில் நிறுத்தி நிறுத்தி வாசித்தார். ஆட்டக்காரர்களின் பெயர்களை எழுத்து எழுத்தாகச் சொன்னார். ஒரு இடத்திலும் குரல் தடுமாறவில்லை.

நான் காகிதக் கோப்பைகளைப் பொறுக்கியபடி கூடையோடு அவர் மேசைக்கு வந்தேன். ஜெயித்த தாள் அங்கேயே கிடந்தது, ஓரத்தில் காப்பி வட்டத்தோடு. அதைக் கையில் எடுத்தார். கிழிக்கப்போகிறார் என்று அவர் விரல்களையே பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் அதை மேசைமேல் வைத்து நீவினார். நாலாக மடித்தார். கோட்டுக்கு உள்ளே சட்டைப் பையில் வைத்து, பையின் பொத்தானைப் போட்டுக்கொண்டார்.