உத்திரத்துக்கு ஒரு முட்டு

பக்கத்து வீட்டுப் பெண் சிவில் இன்ஜினியரிங் முடித்துவிட்டாள். "அங்கிள், ஸ்ட்ரக்சரா, வேல்யுவேஷனா, பில்டிங் சர்வேயா, எதுல போகட்டும்?" என்று நேற்று செல்போனை நீட்டினாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுபதுகளில் நான் பி.இ. முடித்துத் தேனிக்கு வந்தபோது சர்க்கார் வேலை, காண்ட்ராக்ட், துபாய், அவ்வளவுதான் வழி. நான்தான் பெரிய அதிமேதாவியாயிற்றே! விலைக்கு வரும் வீட்டை வாங்குகிறவருக்காகச் சோதித்துச் சொல்வதே என் தொழில் என்று கிளம்பினேன். "ஏன்டா, வீடு பாக்குறதெல்லாம் ஒரு பொழப்பா?" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார்.

முதலில் கூப்பிட்டவர் தேனி பஜார் ஜவுளிக்கடைக்காரர். கம்பத்தில் ஒரு பழைய மச்சு வீட்டை வாங்க நினைத்தார். போய் இறங்கினால் வாசலில் செல்லத்தாய் அத்தை! எனக்குத் தூரத்து உறவு. மாமா காலமான பிறகு ஒற்றை மகளோடு இருந்தார். வீட்டை விற்றுத்தான் அவளைக் கட்டிக்கொடுக்க வேண்டும். "ஏலே, நீயா வந்திருக்க! அப்பக் கவலையில்ல" என்று காபியைக் கையில் திணித்தார். காபி குடித்த வீட்டில் எப்படிக் குறை சொல்வது? இதைக் கல்லூரியில் சொல்லித்தரவில்லை, பாருங்கள்.

நடு உத்திரத்தைச் சுத்தியலால் தட்டினேன். பொத்தென்று வெற்றுச் சத்தம் கேட்டது. உள்ளே முழுக்கக் கரையான். தேனிக்குத் திரும்பி உள்ளதைச் சொன்னேன். வேறென்ன சொல்ல? கடைக்காரர் வேண்டாமென்றுவிட்டார். சேதி பரவி, அப்புறம் அந்த வீட்டை ஒருத்தரும் எட்டிப் பார்க்கவில்லை.

ஒருவரைக் காப்பாற்றியாயிற்று. சரி, அந்த உத்திரத்துக்குக் கீழே பாய் விரித்துப் படுப்பது யார்? மனசு கேட்காமல் கம்பத்துக்கு ஓடினேன்.

"அத்தை, இங்கன இருக்காதீக. வேற வீடு பாருங்க."

"வாங்க வந்தவுகளுக்கு ஆகாதுன்னு சொல்லிட்ட. சரிய்யா, நாங்க எங்கன போவோம்?"

கோபமாகக் கேட்டிருந்தாலும் தேவலை. சவுக்குக் கட்டை ஒன்றை வாங்கி வந்து முட்டுக் கொடுத்தேன். படித்த படிப்புக்கு என்னால் முடிந்தது அதுதான். அடுத்த முறை போனபோது அதில் கொடி கட்டி மகளின் தாவணியைக் காயப்போட்டிருந்தார்.

நானும் சர்க்கார் வேலைக்கே போய்ச் சேர்ந்தேன். அத்தை மகளுக்குக் கடைசிவரை வரன் அமையவில்லை. வீடு விழவேயில்லை! எத்தனையோ மழையைத் தாங்கி நின்றது. அத்தை அதே வீட்டில் காய்ச்சல் கண்டுதான் போனார். பிறகு வீட்டை இடித்துவிட்டார்கள்; இப்போது அங்கே வரிசையாக மொபைல் கடைகள். நான் சொன்னது சரியா தப்பா என்று கேட்க அத்தையும் இல்லை, காட்ட உத்திரமும் இல்லை. மழை வலுத்தால் மட்டும், எனக்கு இன்னமும் அந்த உத்திரத்துக்குக் கீழே இரண்டு பேர் படுத்திருக்கிறார்கள்.