அவர் சொன்ன ‘வாரேன்’

எங்கள் பக்கம் வீட்டை விட்டுக் கிளம்பும்போது யாரும் ‘போறேன்’ என்று சொல்ல மாட்டார்கள். முக்குக்கடைக்குத் தீப்பெட்டி வாங்கப் போகிறவர்கூட ‘வாரேன்’ என்றுதான் படியிறங்குவார். தப்பித் தவறி ‘போறேன்’ என்று வாயில் வந்துவிட்டால், “அந்த வாயில வசம்ப வச்சுத் தேய்க்க” என்று உள்ளேயிருந்து குரல் வரும். இந்த நல்ல பழக்கத்தால்தான் நான் தூத்துக்குடி ரயில் நிலையத்தில் ஒரு வாரம் தவம் கிடந்தேன்.

குஜராத்தில் பூகம்பம் வந்த வருடம் அது. எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம் ஆகியிருந்தது. என் வீட்டுக்காரர் அங்கே காண்ட்லா துறைமுகத்தில் கிரேன் ஓட்டிக்கொண்டிருந்தார். எனக்கு இங்கே பள்ளிக்கூட வேலை. அதனால் மாமியாரோடு இருந்தேன். அன்று குடியரசு தினம். கொடியேற்றி, பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்தால், மாமியார் டிவி முன்னால் தரையில் உட்கார்ந்திருந்தார். திரையில் மாடி வீடுகள் அப்பளமாக நொறுங்கிக் கிடந்தன. எங்கள் வீட்டில் டம்ளர் தண்ணீர்கூட அசைந்திருக்கவில்லை. தெருவில் உப்பு லாரிகள் எப்போதும்போல ஹார்பர் பக்கம் போய்க்கொண்டிருந்தன. அந்த டிரைவர்கள் மேல்கூட எனக்கு ஆத்திரம் வந்தது.

அங்கே போன் எதுவும் வேலை செய்யவில்லை. மூன்றாம் நாள் சாயங்காலம் எங்கள் வீட்டு போன் அடித்தது. இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்.

“ஏளா, நான் நல்லாருக்கேன். பயப்படாத. அம்மாட்ட சொல்லிரு. பின்னால நெறைய பேரு நிக்காங்க. வாரேன்.”

அவ்வளவுதான், வைத்துவிட்டார். நான் அழுதுகொண்டே கத்தினேன்: “அத்தை, வாராராம்!”

மாமியார் சாமிக்கு விளக்கேற்றிவிட்டு, உடனே அரிசி ஊறப்போட்டார். ரயில் கணக்குப் பார்த்து, வியாழக்கிழமை காலை சென்னை வண்டியில் வந்து இறங்குவார் என்று நானே முடிவு செய்தேன். புதுச்சேலை கட்டிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். வரவில்லை. அடுத்த நாளும் வரவில்லை. தூத்துக்குடி கடைசி ஸ்டேஷன். வண்டியில் இருக்கிற எல்லாரும் இறங்கித்தான் ஆகவேண்டும். தூங்கிப்போய் அடுத்த ஊருக்குப் போயிருப்பார் என்று சமாதானம் சொல்லிக்கொள்ளக்கூட வழியில்லை. மாமியார் தினமும் மகனுக்காகச் சீலா மீன் குழம்பு வைத்தார். இரண்டு பேருக்குமே தொண்டையில் இறங்கவில்லை. எங்கள் தெருப் பூனைகளுக்கு அது நல்ல காலம்.

ஐந்தாம் நாள் ஸ்டேஷன் டீக்கடை அண்ணாச்சி கேட்டேவிட்டார். “யாருக்கும்மா நிக்கே?”

சொன்னேன். அவர் காசு வாங்காமல் டீயைக் கையில் கொடுத்து, “வாரேன்னு சொல்லிட்டாருல்லா, வந்துருவாரு” என்றார். அவர் முகத்தைப் பார்த்தால் அவருக்கே நம்பிக்கை இருப்பதாகத் தெரியவில்லை. அங்கே மறுபடியும் மறுபடியும் நிலம் ஆடுகிறது என்று பேப்பரில் போட்டிருந்தார்கள். கிளம்பி வரும் வழியில் எந்தச் சுவருக்கு அடியில் கிடக்கிறாரோ என்று என் மனசு தறிகெட்டு ஓடியது. அன்று வகுப்பில் ஒரு பிள்ளை ஒன்றும் செய்யாமலே என்னிடம் திட்டு வாங்கியது. இன்றைக்கும் அதை நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஏழாம் நாளும் அப்படியே வீடு திரும்பினேன். அன்று சாயங்காலம் போன் வந்தது.

“எங்கன இருக்கீய?” என்றேன்.

“இங்கனதான். வேற எங்கன?”

“வாரேன்னு சொன்னீயளே!”

“போன வைக்கும்போது பின்ன என்னளா சொல்லுவாங்க? போறேன்னா?”

உயிர் வந்த சந்தோஷம் ஒரு கணம்தான் நின்றது. பிறகு நான் திட்டிய திட்டில் மாமியார் அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்தார். ஒரு வாரமாக ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்ததையும், ரயிலில் வந்து இறங்கிய ஒவ்வொரு முகத்தையும் பார்த்ததையும் சொல்லி, “நாளைக்கே கெளம்பி வாங்க” என்றேன். போனைக் காதோடு அழுத்திக்கொண்டு மறுபடியும் கேட்டேன்.

“கேக்குதா?”

“கேக்குது. இடிஞ்ச கட்டடத்து காங்கிரீட் சிலாப்பத் தூக்க கிரேன் ஓட்ட ஆளு இல்லளா. நாங்க நாலஞ்சு பேருதான் மாத்தி மாத்தி ஓட்டுதோம்.”

“இன்னுமா உயிரோட ஆளு இருக்கு?”

“இல்ல. இப்பம் எடுக்கதெல்லாம் பொணந்தான்.”

“அதுக்கு எதுக்கு நீங்க? வேற யாராவது எடுக்கட்டும்.”

அப்படிச் சொன்னது நான்தான். மறைப்பானேன்.

அவர் கோபப்படவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். “இங்கன ஒரு அம்மா, நாங்க வேல பாக்க கட்டடத்துக்கு முன்னால மொத நாள்லேர்ந்து உக்காந்திருக்கா. அவ மகன் உள்ள கெடக்கான். ஒவ்வொரு சிலாப்பாத் தூக்கும்போதும் எந்திரிச்சு வந்து பாக்கா. இல்லன்னதும் திரும்பப் போயி உக்காந்துக்கிடுதா. நீ ஸ்டேஷன்ல இருந்த மாதிரிதான். அவள உட்டுட்டு எப்பிடிளா வர?”

எனக்கு அவர்மேல் இருந்த கோபம் அப்போதும் போகவில்லை. ஆனால், இந்த மனுஷனுக்குத்தான் நான் வாக்கப்பட்டிருக்கிறேன் என்று நினைத்தபோது அழுகை முட்டிக்கொண்டு வந்தது. மூக்கை முந்தானையில் துடைத்துக்கொண்டேன்.

“அந்த அம்மா கையில அவ பிள்ளையக் குடுத்துட்டு வாங்க” என்றேன்.