அமிர்தநாதன் பெயரில் ஒரு மூச்சு

வடக்குத்து கிராமத்து அமிர்தநாதனுக்கு மூச்சை இழுப்பதில் தொல்லை இருந்ததில்லை. விடுவதில்தான் இருந்தது. இழுத்ததில் பாதி நெஞ்சிலேயே தங்கிவிடும். அதன்மேல்தான் அடுத்ததை இழுக்க வேண்டும். இரண்டு வருடமாக அப்படி. மனைவி சகாயம்மாளைத் தவிர யாருக்கும் அவர் சொல்லவில்லை.

பத்தொன்பது வருடமாக அவர் மைன்ஸில் கான்ட்ராக்ட் ஆள். கன்வேயர் பெல்ட்டிலிருந்து கீழே சிந்தும் பழுப்பு நிலக்கரியை மண்வெட்டியால் வாரி மறுபடி மேலே போடுகிற வேலை. பெர்மனன்ட் ஆக்கும் பட்டியலில் அவருக்கு முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக உள்ளே போய்விட்டார்கள். அடுத்த பட்டியலில் அவர் பெயர் வரவேண்டும். அதுவரை கேட் பாஸ் ஒருநாள்கூட அறுபடக் கூடாது. 2015 ஜனவரியில் பாஸ் புதுப்பிக்கும் மெடிக்கலில் ஊதுகிற டெஸ்ட் ஒன்றைப் புதிதாகச் சேர்த்திருந்தார்கள்.

தெரிந்த நாளிலிருந்து பழக ஆரம்பித்தார். மாதாவை வேண்டும் மங்கள வார்த்தை ஜெபத்தை ஒரே மூச்சில் எத்தனை தடவை சொல்ல முடிகிறது என்று பார்ப்பார். சகாயம்மாள் ஜெபமாலையை வைத்துக்கொண்டு எண்ணுவாள்.

"ரெண்டு ஆச்சு. மூணாவதுல 'பாவிகளாயிருக்கிற'லியே நின்னுப்பூட்ட. அதோட வுட்டா மாதா இன்னா நெனச்சிக்கும்?"

"ஒன்னியப் பத்தி சொல்றன்னு நெனச்சிக்கும்."

சூடான டீயை ஊதுவதுபோல உதட்டைக் குவித்து மெல்ல விட்டால் காற்று இன்னும் கொஞ்சம் வெளியேறுவதை அவரே கண்டுபிடித்தார். மூன்று வாரத்தில் மூன்றரை ஜெபம் வந்தது. அன்று ராத்திரி நிம்மதியாகச் சாப்பிட்டார்.

லேபில் லிடியா என்ற பெண் அவர் மூக்கில் கிளிப் மாட்டி, வாயில் குழாயைக் கொடுத்தாள். அவர் மெல்ல, சிந்தாமல் ஊதினார்.

"ஐயா, டீ ஆத்துறீங்களா? வெடிக்கிற மாதிரி ஊதுங்க. மொத செகண்டுல எவ்ளோ வருதுன்னுதான் மிஷின் பாக்கும்."

சேமிக்கப் பழகிய நெஞ்சு செலவழிக்க மறுத்தது. வெடித்து ஊதினால் இருமல்தான் வந்தது. மூன்றாம் முறைக்குப் பிறகு லிடியா ஒரு தாளில் சின்னக் குழாய்களையும் அவற்றின் நுனியில் திராட்சைக் குலைகளையும் வரைந்தாள்.

"இந்தக் குலையிலதாங்க ரத்தம் நல்ல காத்த எடுத்துக்கினு கெட்டத வுடும். உங்களுக்குக் குழா சுருங்கிப்போயிருக்கு, வேகமா ஊதுனா மூடிக்குது. பழைய காத்து உள்ளயே மாட்டிக்கினா புதுசுக்கு எடம் ஏது? மெதுவா ஊதுனீங்களே, ஒடம்புக்கு அது நல்லதுதான். டெஸ்டுக்கு ஆவாது. திங்கக்கெழம இன்னொருவாட்டி வாங்க. நான் லீவு, வேற பொண்ணு இருக்கும்."

சகாயம்மாளின் தம்பி ஃபெலிக்ஸ் வடலூரில் பேண்டு செட்டில் டிரம்பெட் வாசிப்பவன். விஷயத்தைக் கேட்டுச் சிரித்தான். "அந்தக் குழாயில மூஞ்சியா தெரியப்போவுது மாமா? பேரு ஒன்னுது, காத்து என்னுது."

அமிர்தநாதன் ஞாயிற்றுக்கிழமைப் பூசைக்குப் போய் பாவத்துக்குத் துணிந்தவன் வாங்கக் கூடாதென்று நற்கருணை வாங்காமல் திரும்பினார். ஏன் என்று சகாயம்மாளுக்குத் தெரிந்துவிட்டது.

திங்கட்கிழமை ஃபெலிக்ஸ் ஊதினான்.

பாஸ் வந்த மறுவாரம், எதுவும் அறியாத சூப்பர்வைசர் ஜெரால்டு தாளை ஆட்டிக்கொண்டு வந்தார்.

"அண்ணே! உங்க வயசுக்கு இருக்கவேண்டியதுல நூத்திப் பன்னெண்டு பர்சென்டாம்! சின்னப் பசங்களுக்கே தொண்ணூறு தாண்டல. இத்தினி நாளா இன்னாத்தத் தின்னுகினு இருந்தீங்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பெல்ட்டு மாறுற டவர் மேல ஒரு ஆள் வேணும். மூடுன ஷெட்டு, தூசி ஜாஸ்தி. இந்த நெஞ்சுக்கு அதெல்லாம் ஒரு விஷயமா?"

அமிர்தநாதன் வாயைத் திறந்தார். முடியாது என்றால் ஏன் என்று கேட்பார்கள்.

"எத்தினி படி?" என்றார்.

"நூத்திப் பத்து."

பத்து மாதம் ஏறினார். பத்துப் படிக்கு ஒருமுறை நின்று, ஷூ லேஸ் கட்டுவதுபோலக் குனிவார். "அண்ணன் லேஸு கட்டியே பாதி ஷிப்டை ஓட்டிடும்" என்று கேலி செய்தார்கள். கேலி அவருக்கு வசதியாகவே இருந்தது. ஃபெலிக்ஸ் அக்கா வீட்டுக்கு வருவதைக் குறைத்துக்கொண்டான்.

நவம்பர் மழையில் ஒருநாள் அறுபதாவது படியில் உட்கார்ந்தவரால் எழ முடியவில்லை.

ஆஸ்பத்திரியில் விரலில் மாட்டிய கிளிப் எண்பத்தொன்று காட்டியது. "இதயம் வேகமாத்தாங்க ஓடுது. ரத்தத்துல ஆக்சிஜன் ஏறல, தொண்ணூத்தஞ்சாவது இருக்கணும்" என்றார் டாக்டர். அமிர்தநாதனுக்கு அது நன்றாகவே புரிந்தது. பெல்ட் முழு வேகத்தில் ஓடுகிறது, மேலே சரக்கு விழவில்லை. வெறும் பெல்ட் ஓடினால் தடதடவென்று அடித்துக்கொள்ளும். அந்தச் சத்தம் இப்போது காதுக்குள் கேட்டது.

டாக்டர் மைன்ஸ் மெடிக்கல் ஃபைலிலிருந்து பழைய டெஸ்ட் தாளை எடுத்துப் பார்த்தார்.

"ஜனவரியில நூத்திப் பன்னெண்டு. நாள்பட்ட குழாய்ச் சுருக்கம்னா இப்படி இருக்காது. அப்போ இது திடீர்னு வந்தது, நான் வேற எதையோ தேடணும், மருந்தும் வேற. ரிப்போர்ட் மாறிப்போயிருந்தா இப்பவே சொல்லிடுங்க. இது உங்களோடதுதானா?"

கட்டிலின் கால்மாட்டில் ஃபெலிக்ஸ், "டாக்டர், அது வந்துங்க..." என்று ஆரம்பித்தான். அமிர்தநாதன் கையைத் தூக்கித் தடுத்தார். பெர்மனன்ட் பட்டியல் தை மாதம் வருவதாகப் பேச்சு.

சகாயம்மாள் அவர் முகத்தையே பார்த்தாள். அவர் மாஸ்க்கை விலக்கினார். ஒரு சொல்லுக்கு வேண்டிய காற்று சேரும்வரை எல்லோரும் காத்திருந்தார்கள்.

"என்னுதுதாங்க."

டாக்டர் எழுதிக்கொண்டார்.