சீட்டுக்கு அடியில் எழுதுபவள்

பட்டறைக்கு வந்த பைக்கின் முன் சக்கரத்துக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, கட்டைவிரலால் டயரை ஓர் அழுத்து அழுத்தி, "இருபத்தெட்டு" என்கிறாள் சித்தி. அப்புறம்தான் காற்று மீட்டரைச் செருகுகிறாள். முள் இருபத்தைந்தில் நிற்கிறது. "மீட்டருக்கு வயசாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டே, மீட்டர் சொன்னபடிதான் காற்றடிக்கிறாள். தினமும் இதே கதைதான். விரல் ஜெயித்து நான் பார்த்ததில்லை.

அம்மாவின் தங்கை, வயது நாற்பத்திரண்டு. கொண்டையில் எப்போதும் ஒரு பேனா செருகியிருக்கும். பழைய பல் பிரஷால் செயினைத் தேய்க்கும்போது மட்டும் யாரோடும் பேசமாட்டாள். கண்ணிகளை எண்ணுகிறாளோ என்று கேட்டேன். "எண்ணல. இதுக்கு எண்ணெய் போடாம ஓட்டினவனைத் திட்டிக்கிட்டு இருக்கேன்" என்றாள்.

வேலை முடிந்ததும் சீட்டைக் கழற்றி, அடியில் ஒரு துண்டு பிளாஸ்திரி ஒட்டி, தேதியையும் அன்று கைவைத்த இடங்களையும் எழுதிவிடுவாள். "எனக்கே மறந்துடும். வண்டி ஞாபகம் வச்சிருக்கட்டும்."

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையது. வாங்கி எட்டு மாதமாகிறது. பட்டறை ஓரத்து மேசையில் உட்கார்ந்து வேலைக்கு விண்ணப்பம் அனுப்பிக்கொண்டிருக்கிறேன். சித்தி என்னை "டிகிரி" என்றுதான் கூப்பிடுகிறாள். அது கிண்டலா, பெருமையா என்று இன்னும் பிடிபடவில்லை.

சென்ற வாரம் நர்ஸ் ஒருவர் வந்தார். படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீடு தேடிப் போய்ப் புண் கட்டுபவர். பைக்கில் ஒரு நாளைக்குப் பதினோரு வீடு.

"நல்லாத் துடைச்சுக் குடுங்கக்கா. வித்துடறேன்."

"ஏன் சிஸ்டர், வண்டி என்ன பாவம் பண்ணுச்சு?"

"வண்டிக்கு ஒண்ணுமில்ல. எனக்குத்தான் பயம் வந்துடுச்சு. மெதுவாப் போனாலே தள்ளாடுது. அன்னைக்கு ஒரு லாரிக்குள்ள போக இருந்தேன். மூணு வாரமா கை நடுங்குது. ஆஸ்பத்திரியில உக்கார்ற வேலை தர்றேன்னாங்க. நாளைக்குப் பதில் சொல்லணும்." சீட்டைத் தடவியபடி, "என் பேஷண்டுங்களை நினைச்சாத்தான் மனசே வரல" என்றார்.

சித்தி அவரையே வண்டியை வாசல்வரை தள்ளிக்கொண்டு போய்த் திரும்பி வரச் சொன்னாள். வண்டியை விட்டுவிட்டு நர்ஸின் தோள்களைத்தான் பார்த்தாள். பிறகு பின்சக்கரத்திலிருந்து முன்சக்கரத்துக்கு நூல் பிடித்தாள். நேராக இருந்தது. எஞ்சினுக்கு அடியில் கட்டை கொடுத்து முன்சக்கரத்தைத் தரையிலிருந்து எழுப்பி, ஹேண்டில்பாரை லேசாகத் தட்டினாள். தானாகவே ஒரு பக்கம் முழுக்கச் சரிய வேண்டிய ஹேண்டில், தட்டிய இடத்திலேயே நின்றுவிட்டது.

"கோன்செட் இறுகிக் கிடக்கு" என்றாள். ஹேண்டில் சுலபமாகத் திரும்புவதற்காக வண்டியின் கழுத்துக்குள் இருக்கும் குண்டுகள் அவை. இறுகிப்போனால் வண்டி தன்னைத்தானே நேராக்கிக்கொள்ளாது; ஓட்டுகிறவர் நொடிக்கு நொடி இழுத்துப் பிடிக்க வேண்டும்.

"டிகிரி, சீட்டைத் தூக்கு. என்ன எழுதியிருக்குன்னு படி."

படித்தேன். "ஆயில் மாத்தியாச்சு. செயின் கிளீன் பண்ணியாச்சு. கோன்செட்..." நிறுத்திக்கொண்டேன். தேதி மூன்று வாரத்துக்கு முந்தையது. கையெழுத்து சித்தியுடையது. நர்ஸ் நின்ற இடத்திலிருந்து அது தெரியாது. உங்கள் குறை என்ன என்று நேர்முகத் தேர்வில் கேட்டால் சொல்வதற்கு நான் ஒரு பொய்க்குறை தயாராக வைத்திருக்கிறேன்: அளவுக்கு மீறி உழைப்பது. அப்படிப்பட்டவன் இதை மறைக்காமல் வேறென்ன செய்வேன்?

"என்ன, தொண்டையில ஆயில் அடைச்சுக்கிச்சா? முழுசாப் படி."

"கோன்செட் டைட் பண்ணியாச்சு."

சித்தி கையைக்கூடத் துடைக்காமல் எழுந்தாள். "சிஸ்டர், அது என் எழுத்து. லூசா இருக்குன்னு இறுக்கினேன். அதிகமா இறுக்கிட்டேன். மழைன்னு ஓட்டிப் பார்க்காமயே குடுத்துட்டேன். உங்க கை சரியாத்தான் இருக்கு. தப்பு பண்ணது என் கை."

நர்ஸின் முகம் சிவந்தது. "மூணு வாரம்க்கா. என்னையே நம்பாமக் கெடந்தேன்."

"திட்டுங்க. திட்டிக்கிட்டே இருங்க, நான் கழட்டறேன்."

"திட்டினா ஸ்பேனர் நழுவிடப் போகுது. முதல்ல முடிங்க. அப்புறம் வச்சுக்கறேன்."

கால் சுற்றுக்கும் குறைவாகத்தான் தளர்த்தினாள். முன்சக்கரத்தைத் தாங்கும் குழாய்களைப் பிடித்து முன்னும் பின்னும் ஆட்டினாள், ஆட்டமில்லை. ஹேண்டிலைத் தட்டினாள். சரிந்து கடைசிவரை போய் நின்றது. "குண்டு ஓடற இடத்துல பள்ளம் விழல. தப்பிச்சோம்" என்று மூச்சுவிட்டாள்.

நர்ஸ் சாவியை நீட்டினார். "நீங்களே ஓட்டிப் பார்த்துச் சொல்லுங்க."

சித்தி சாவியை வாங்கவில்லை. ஆணியில் தொங்கிய ஹெல்மெட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். "நீங்க ஓட்டுங்க."

நர்ஸ் ஏறி உட்கார்ந்தார். ஹேண்டிலைப் பிடித்த விரல்கள் வெளுத்திருந்தன. சித்தி பின்னால் ஏறிக்கொண்டாள். வண்டி வாசலைத் தாண்டித் தெருவில் இறங்கியது.

"மெதுவா" என்றாள் சித்தி. "இன்னும் மெதுவா."

நடப்பவர்கள் வேகத்துக்கு வந்தது வண்டி. முன்னால் ஒரு லாரி திரும்பிக்கொண்டிருந்தது. பின் இருக்கையில் பிடித்துக்கொள்ள இரண்டு பக்கமும் கம்பி இருக்கிறது. சித்தி இரண்டு கைகளையும் மடியில் வைத்துக்கொண்டாள்.