டாக்டரம்மா காருக்கு வந்த டிஸ்க் பிரேக்

காருக்குள் ஏறும் முன் டாக்டரம்மா செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். அதைப் பார்த்ததும் எனக்கு வயிறு எரிந்தது. பிரேக் பெடலை வெறுங்காலால் அமுக்கினால்தான் எண்ணெய்க் குழாய்க்குள் காற்று நிற்கிறதா என்று பாதத்துக்குத் தெரியும். அது என் வழக்கம். ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டை ஒட்டிய கார் ரிப்பேர் ஷெட்டில் என் வீட்டுக்காரர் பிரேக்குக்குக் காற்று எடுக்கும்போதெல்லாம், இருபது வருஷமாகப் பெடலில் இருந்தது என் கால்தான். அவர் சக்கரத்தருகே படுத்துக்கொண்டு "அமுக்கு, பிடி, விடு" என்பார். பிடி என்றால், அவர் சக்கரத்துப் பிரேக்கில் இருக்கும் நிப்பிள் திருகைத் திறந்து காற்றை வெளியே விட்டு மறுபடி மூடும் வரை கால் அசையக் கூடாது. என் கால் அசைந்ததில்லை. சில நாள் எங்களுக்குள் அந்த மூன்று சொல்லுக்கு மேல் பேச்சே இருக்காது. எனக்கு அது போதும்.

டாக்டரம்மா மல்லேஸ்வரத்துக்காரர். அப்பா விட்டுப் போன பழைய ஹெரால்டு காரைத் தானே ஓட்டுவார். மகளைக் கூட்டிக்கொண்டு நந்தி மலைக்குப் போவதில் கொள்ளை ஆசை. மலை இறக்கத்துக்கு இன்னும் நல்ல பிரேக் வேண்டும் என்று, அதே கம்பெனியின் ரெண்டு சீட்டு ஸ்போர்ட்ஸ் காரில் இருந்த டிஸ்க் பிரேக்கை லண்டனிலிருந்து வரவழைத்திருந்தார். ஹெரால்டின் முன்பக்கம் முழுசும் முதலை வாய் மாதிரி திறக்கும். அதற்குள் அவர்கள் இருவர் தலையும் ஒன்றாகக் குனிந்திருக்கும். டாக்டரம்மா ஒவ்வொரு சாமானுக்கும் பெயர் சொல்வார். எங்கள் வீட்டுக்காரர் சிரிப்பார். அவருக்கு அப்படிச் சிரிக்க வரும் என்றே எனக்குத் தெரியாது. நான் காபி கொண்டுபோனால் "அங்க வை" என்பதோடு சரி.

எல்லாம் மாட்டி முடித்து, காற்று எடுக்கும் நேரம் வந்தது. நான் கையைத் துடைத்துக்கொண்டு போய் நின்றேன்.

"நானே அமுக்குறேன் மேஸ்திரி. பாவம், அவங்களுக்கு அடுப்புல வேலை இருக்கும்."

"சரிம்மா" என்றார் இவர். ஒரு தடவை என் முகத்தைப் பார்த்திருக்கலாம்.

மூன்று நாள் அமுக்கினார்கள். பெடல் கெட்டிப்படவே இல்லை. "இட்லி மாவுல கால் வெச்ச மாதிரி இருக்கே மேஸ்திரி" என்று டாக்டரம்மா புலம்புவார். முதல் நாளே காபி டம்ளர் எடுக்கக் குனிந்தபோது நான் பார்த்துவிட்டேன், இரண்டு பக்கமும் நிப்பிள் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தது. காற்று மேலேதானே ஏறும்? அடியில் திறந்தால் எண்ணெய்தான் வரும். டிரம் பிரேக்கில் ஊறிய மனுஷர், புதுச் சாமானை இடது வலது மாற்றி மாட்டிவிட்டார். நான் வாயைத் திறக்கவில்லை. படித்தவர் அமுக்கட்டும் என்று உள்ளே போய் வெங்காயம் உரித்தேன். மனசு குளிர்ந்தது என்பதை மறைப்பானேன்.

நாலாம் நாள் காலை டாக்டரம்மா சாவியோடு ஏறி உட்கார்ந்தார்.

"நாளைக்கு நந்திக்குப் போலாம்னு பாப்பாகிட்ட சொல்லிட்டேன். நாலு தரம் அமுக்குனா பிடிக்குதே, மெதுவா போய்க்கிறேன்."

"வேணாம்மா, சொன்னா கேளுங்க" என்று இவர் ஜன்னலைப் பிடித்துக்கொண்டு நின்றார். வண்டி உறுமியது.

"ஏங்க, நிப்பிள் ரெண்டும் கீழ பாத்துட்டிருக்கு!" கத்தியது நான்தான்.

அவர் குனிந்து பார்த்தார். எழுந்து என்னைப் பார்த்தார்.

"எப்ப பாத்த?"

"இப்பதான்."

இருபது வருஷத்தில் அந்தக் கண்ணுக்கு என் பொய் தெரியாதா?

இரண்டையும் பக்கம் மாற்றி மாட்டினார். டாக்டரம்மா தானாக இறங்கி, "நீங்க உக்காருங்கம்மா" என்றார். அமுக்கு, பிடி, விடு. பெடல் கல் மாதிரி நின்றது. என் இடம் திரும்பி வந்துவிட்டது. ஆனால் கீழேயிருந்து வந்த குரல், கூலிக்கு வந்தவளிடம் பேசுகிற குரலாக இருந்தது. அது சரியாகப் பல நாள் ஆனது.

டாக்டரம்மா என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "நீங்க பாக்கலைன்னா பாப்பாவோட கிளம்பியிருப்பேன்மா."

வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். ஷெட்டை வாடகைக்கு விட்டாயிற்று. டாக்டரம்மா இன்றைக்கும் பொங்கலுக்குப் பொங்கல் பழத்தட்டோடு வருகிறார். கூட வருகிறவர்களிடம், "என் பொண்ணு உயிரக் காப்பாத்துனவங்க இவங்கதான்" என்று சொல்லிக் காட்டுகிறார். அவரை எனக்கு அன்றைக்கும் பிடிக்காது, இன்றைக்கும் பிடிக்கவில்லை. இப்படி நன்றி சொல்லிக்கொண்டே இருந்தால் எப்படிப் பிடிக்கும்?

"காபி ஆறிடும், குடிங்க" என்பேன்.