லோவோ தோண்ட ஓர் இடம்

சாவியைக் கொடுப்பதற்கு முன் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வாள் அசெனதா. காலி செய்து போனவர்களுக்காக ஒரு வார்த்தை, வரப்போகிறவர்களுக்காக ஒரு வார்த்தை, கடைசியில் குளியலறைக் குழாய்க்காகவும் ஒரு வார்த்தை. புதிதாகக் குடிவருபவர்கள் சிரித்தால் அவளும் கூடச் சிரிப்பாள்; ஜெபத்தை மட்டும் சுருக்க மாட்டாள்.

பிஜித் தீவின் சுவா நகரில், கடலைப் பார்த்த சரிவில் நிற்கிற அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் பாதி வீட்டுக்காரர்கள் பிரிஸ்பேனிலும் ஆக்லாந்திலும் இருக்கிறார்கள். அவர்களுக்காகக் குடித்தனக்காரர்களைப் பிடிப்பதும், வாடகை வாங்குவதும், ஒழுகினால் ஆளைக் கூப்பிடுவதும் அவள் வேலை. வீடுகளுக்கு எண் உண்டு. அவள் வாயில் அது வராது. பல்லி வீடு, கதவு இறுகுற வீடு, மழைக்கு அழுகிற வீடு என்றுதான் சொல்வாள். வீடு பார்க்க வருகிறவர்களிடம் சம்பளத்தை முதலில் கேட்பதில்லை. "ஞாயித்துக்கிழமை சாப்பாட்டுக்கு எத்தனை பேரு வருவாங்க?" என்பாள். யாரும் வர மாட்டார்கள் என்றால் அவள் முகம் வாடிவிடும்.

மழைக்கு அழுகிற வீட்டில் இருப்பவன் இலியேசா, துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன். மகளின் முதல் பிறந்தநாளுக்கு லோவோ போடப் பின்முற்றத்தில் குழி வெட்டினான். கல்லைச் சுடவைத்து, பன்றியும் சேப்பங்கிழங்கும் புதைத்து வேகவைக்கிற குழி. மண் மெத்தென்று இருந்த இடமாகப் பார்த்து வெட்டினான். தண்ணீர்க் குழாய் பதிக்க ஏற்கெனவே தோண்டிய இடம் என்பதால்தான் அது மெத்தென்று இருந்தது. குழாய் உடைந்து, கட்டடம் முழுக்கத் தண்ணீர் வராமல் நின்றுபோனது. பொது இடத்தில் கேட்காமல் தோண்டியவன் குடும்பத்தோடு காலி செய்யட்டும் என்று சங்கத் தலைவர் ராம்லக்கன் கூட்டம் போட்டார். மேல்மாடியில் சொந்த வீட்டில் இருப்பவர் அவர்.

மாடி வராந்தாவில் பாய் விரித்தார்கள். இலியேசா தன் ஊர் வழக்கப்படி, இடித்துக் கரைத்துக் குடிக்கிற யங்கோனா வேர்க்கட்டைத் தலைவர் முன் வைத்துத் தலை குனிந்து உட்கார்ந்தான். அவர் அதைக் கையில் எடுத்தால் மன்னிப்பு. எடுக்காவிட்டால் அவனுக்கு வீடு இல்லை.

"வேரைக் கொண்டாந்து வச்சா குழாய் ஒட்டிக்குமாடா? இந்த முழங்கால் வலியோட மேல்மாடிக்கு வாளி தூக்கியிருக்கேன்," என்றார் ராம்லக்கன்.

"தப்புதாண்ணே."

"அண்ணனாம்! குழி வெட்டும்போது அண்ணன் ஞாபகம் வரல, பன்னிதான் ஞாபகம் வந்துச்சு."

எல்லோரும் சிரித்தார்கள். ராம்லக்கன் சிரிக்கவில்லை. அசெனதா பக்கம் திரும்பினார். "நீ யாரு பக்கம்? வீட்டுக்காரங்க பக்கமா, இவன் பக்கமா?"

"குழாய் பக்கம்ணே. தண்ணி வந்தா ரெண்டு பேருக்குந்தானே வருது."

"பேச்சை மாத்தாத."

"மாத்தல. கீழ பலகையில என்ன எழுதியிருக்கோம்? பந்து ஆடாதே, துணி காயப்போடாதே, தோண்டாதே. எங்க தோண்டலாம்னு ஒரு வரி உண்டா? பிள்ளைக்கு ஒரு வயசு ஆனா லோவோ போடாம இருப்பாங்களா? இவனை அனுப்பிட்டா, அடுத்து வர்றவனும் மெத்து மண்ணாப் பாத்துத்தான் வெட்டுவான்."

"அப்ப எங்கதான் தோண்டணுங்கிற?"

அசெனதா எழுந்தாள். "கர்த்தரே, கூடவே வாரும்" என்று முணுமுணுத்தபடி படியிறங்கினாள். முற்றத்தின் மறுகோடியில், குழாய் போகாத பக்கம், செருப்பைக் கழற்றிவிட்டுக் குதிகாலால் ஈர மண்ணில் ஒரு வட்டம் போட்டாள். நிமிர்ந்து மேலே பார்த்தாள்.

ராம்லக்கன் எழுந்தார். வேர்க்கட்டை எடுத்து அக்குளில் இடுக்கிக்கொண்டு, கம்பியைப் பிடித்து எட்டிப் பார்த்தார்.

"அங்க வேணாம், என் ஜன்னலுக்குப் புகை வரும்! வேலிப் பக்கம் தள்ளு!"

பாயில் இருந்தவர்கள், வேரை எடுத்துக்கொண்டதற்கு வழக்கப்படி, கைகளைக் குவித்துத் தட்டினார்கள். கீழே அசெனதா அந்த வட்டத்தைக் காலால் அழித்துவிட்டு, வேலியோரமாக அதைவிடப் பெரிதாக இன்னொன்று போட்டாள்.