கனம் பொருந்திய சேர்

எங்கள் பக்கத்தில் ஆசிரியரைச் ‘சேர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். சேர் என்பது பழைய நிறுத்தலளவை ஒன்றின் பெயரும்கூட. ஆங்கிலம் படிப்பிக்கிற எனக்கு, எழுவைதீவுப் பள்ளிக்கூடத்துக்கு இடமாற்றம் கிடைத்துப் போகும்வரை இந்தப் பொருத்தம் உறைக்கவில்லை.

அதற்கு முன் பட்டணத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடத்தில் இருந்தேன். அங்கே ஆசிரியர் அறையில் எனக்கென்று ஒரு கதிரை கிடையாது. யார் வரவில்லையோ அவருடைய கதிரையில் இருப்பேன், அவர் வந்துவிட்டால் எழும்புவேன். கூட்டத்தில் நான் வாய் திறந்தால் அதிபர் மணிக்கூட்டைப் பார்ப்பார். இவ்வளவு பெரிய உடம்பு எப்படி ஒருவர் கண்ணிலும் படாமல் போகிறது என்று எனக்கே விளங்குவதில்லை. சிரித்துச் சமாளித்தேனே தவிர, உள்ளுக்குள் நன்றாக நொந்தது. இடமாற்றக் கடிதம் வந்தபோது மனைவிதான் கவலைப்பட்டாள், நான் படவில்லை.

கரம்பொனில் இருக்கிற எங்கள் வீட்டிலிருந்து ஊர்காவற்றுறை இறங்குதுறைக்குச் சைக்கிள், அங்கிருந்து வள்ளம். முதல் நாளே வள்ளத்தின் ஓட்டி என்னை மேலும் கீழும் பார்த்தார். வலப்பக்கப் பலகையில் இருந்த இரண்டு பெண்களை எழுப்பினார்.

“தள்ளி இருங்கோ பிள்ளையள், சேருக்கு இடம் விடுங்கோ. சேர், நீங்கள் இதிலதான் இருக்கோணும்.”

ஒப்புக்கு மறுத்துவிட்டுச் சட்டென்று இருந்துகொண்டேன். அடுத்த நாளும் அதே இடம். நான் பிந்தினால் வள்ளம் காத்து நிற்கும். தீவுக்குப் போய்வருகிற மருத்துவிச்சி ஒருநாள் அதில் இருக்கப் பார்த்தபோது, “அது சேரின்ர இடம்” என்று ஓட்டி தடுத்துவிட்டார். வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்: “படிச்சவனுக்கு மரியாதை தீவுச் சனத்திட்டத்தான் இருக்கு.”

“ஓம், ஓம்” என்றாள். அவள் இரண்டு தரம் ஓம் சொன்னால் நம்பவில்லை என்று பொருள்.

வகுப்பில் ஒரு பிள்ளை, ‘திருவிழாவுக்குக் கனக்கப் பேர் வந்தவை’ என்பதை ‘ஹெவி பீப்பிள்’ வந்தார்கள் என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தது. கனக்க என்றால் எங்களுக்கு நிறைய, அது ஆங்கிலேயனுக்குத் தெரியாது என்று திருத்தினேன். அத்தோடு விட்டிருக்கலாம். வாய் சும்மா கிடக்கவில்லை. அந்தச் சொல்லின் சொந்தபந்தம் முழுவதையும் கரும்பலகைக்கு வரவழைத்தேன். வெயிற் என்றால் நிறை. லோட் என்றால் ஏற்றின சுமை. பேர்டன் என்றால் மனத்தில் ஏறின சுமை. ஹெவிவெயிற் வந்ததும் என் குரல் தானாகக் கம்பீரமாகியது.

“அது குத்துச்சண்டைக்காரனை மட்டும் சொல்லுறதில்லை. செல்வாக்கான ஆள், வந்தால் நாலுபேர் எழும்பி இடம் விடுவினம், அப்பிடிப்பட்டவரையும் சொல்லுறது. தமிழிலயும் கனம் எண்டால் மதிப்புத்தானே. கனம் பொருந்திய நீதவான் எண்டு சொல்லுறேல்லையே?”

வசனம் அமைக்கச் சொன்னேன். முன்வாங்குப் பிள்ளை எழும்பி, ‘எங்கள் வள்ளத்தின் ஹெவிவெயிற் எங்கள் சேர்’ என்று ஆங்கிலத்தில் பிழையில்லாமல் சொன்னாள். நான் பூரித்துப் போய் மெத்த நல்லது என்றேன். வகுப்பு முழுவதும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்கிறார்கள் என்று எண்ணிக்கொண்டேன்.

பிறகு எனக்குக் காய்ச்சல் வந்து சில நாள் படுத்துவிட்டேன். திரும்பிப் போன காலை, என் இடத்தில் இரண்டு அரிசி மூட்டைகள் ஒன்றின்மேல் ஒன்றாக இருந்தன.

“இண்டைக்கும் வரமாட்டியள் எண்டு நினைச்சிட்டன் சேர்.” ஓட்டி அவசரமாக மூட்டைகளை நகர்த்தினார். “இந்த வள்ளம் கட்டின நாள் தொட்டு இடப்பக்கம் சரியும். நீங்கள் வர முந்தி மூட்டையைத்தான் வைக்கிறனாங்கள். நீங்கள் ரண்டு மூட்டைக்குச் சரி.”

மருத்துவிச்சி முகத்தைக் கடல்பக்கம் திருப்பினாள். அவளுடைய தோள் குலுங்கியது. எனக்குக் காது இரண்டும் சுட்டன. வள்ளக்காரருக்குத் தெரிந்திருக்கிறது, பிள்ளைகளுக்குத் தெரிந்திருக்கிறது, அகராதியை மனப்பாடம் செய்த எனக்கு மட்டும் தெரியவில்லை.

அன்றே மெலிவதென்று சபதம் எடுத்தேன். இரவுக்குக் குரக்கன் கஞ்சி. பிட்டைக் கண்டால் பகையாளியைக் கண்டதுபோல் முகத்தைத் திருப்பினேன். இடுப்புப் பட்டிக்குப் புது ஓட்டை போட்டுக்கொண்டு பெருமையாக வள்ளத்தில் ஏறினால், என் பலகையின் கீழ் ஒரு கல் கிடந்தது. கொஞ்ச நாளில் பக்கத்தில் இன்னொன்று. நான் கஞ்சி குடித்துக் குறைத்ததையெல்லாம் ஓட்டி கல்லால் நிரப்பிக்கொண்டு வந்திருக்கிறார். அது மூட்டைக் கதையைவிட வெட்கமாக இருந்தது.

சோளகக் காற்று தொடங்கிய ஒரு காலை, பாதிக் கடலில் பெரிய அலையொன்று அடித்தது. கற்கள் உருண்டு இடப்பக்கம் போயின. வள்ளம் அப்படியே சரிந்தது.

“சேர், வெளியால சாயுங்கோ!” ஓட்டி கத்தினார்.

எனக்கு நீந்தத் தெரியாது. உயிர்காப்பு அங்கியின் பட்டியும் என் வயிற்றைச் சுற்றி எட்டியதில்லை. விளிம்பை இறுக்கிப் பிடித்து, உள்ள உடம்பு முழுவதையும் வலப்பக்கம் சாய்த்தேன். அதுவரை கும்பிடாத தெய்வங்களையும் கும்பிட்டேன். வள்ளம் மெல்ல நிமிர்ந்தது.

தீவுக் கரையில் ஓட்டி என்னைக் கைபிடித்து இறக்கினார். பிறகு கற்களைத் தூக்கிக் கடலில் போட்டார்.

“கல்லு உருண்டிடும் சேர். நீங்கள் பிடிச்சுக்கொண்டு இருப்பியள்.” என் இடுப்பைப் பார்த்தார். “ஆனா நல்லா மெலிஞ்சு போனியள். ஏதும் வருத்தமோ?”

பட்டணத்தில் நான் இருந்த காலம் முழுவதும் ஒருவர்கூட என்னிடம் அப்படிக் கேட்டதில்லை. கண் கலங்கிவிட்டது. “ஒண்டுமில்லை அண்ணை, கடல் தண்ணி” என்று சொல்லிவிட்டு நடந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் குசினிப் பக்கம் குரல் கொடுத்தேன்.

“இஞ்சரும், இண்டைக்கு இடியப்பம் கனக்க அவியும். வள்ளத்தில எனக்கொரு இடம் இருக்கு, அதை நான் நிரப்போணும்.”

“ஓம்” என்றாள் மனைவி. ஒரு தரம்தான்.